சவ வண்டிக் கொட்டகையில் ஆட்டம்

பரந்தன்

அன்பு மகளுக்கு,

பாரிஸ் கலைக்கூடத்தில் நீங்கள் ஆடியதை எடுத்து நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் ஆட்டத்தைவிடக் கூரையைத்தான் கூடப் பார்த்தேன், குறை நினைக்காதே பிள்ளை. கட்டட வேலை பார்த்தவனின் கண் அப்படித்தான் போகும். 1870களில் நிறுத்திய வார்ப்பிரும்புத் தூண்கள், மேலே கண்ணாடி, இன்னும் அசையவில்லை.

நீங்கள் ஆடிய அந்த ஒபர்வில்லியே வீதி 104ஆம் இலக்கத்தில் முன்பு பாரிஸ் நகரின் செத்தவீட்டு வேலையெல்லாம் நடந்தது என்று வாசித்தேன். பெட்டி செய்கிற தச்சர், வண்டிக்காரர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். கீழே குதிரை லாயம். தொண்ணூறுகளின் கடைசியில் மூடி, 2008இல் கலைக்கூடமாகத் திறந்தார்களாம். அம்மாவுக்கு இதைச் சொன்னதுதான் பிழையாய்ப் போனது. "அங்கே போய் வந்தால் தோய்ந்துபோட்டு வீட்டுக்குள்ளே போகச் சொல்லுங்கோ" என்கிறா.

எனக்குப் பிடித்தது வேறு விசயம். 1905இல் தேவாலயத்திடம் இருந்து நகரசபை பொறுப்பெடுத்த பிறகு, எந்தச் சமயத்தவருக்கும், தற்கொலை செய்தவருக்கும்கூட மரியாதையான இறுதி ஊர்வலம் கிடைத்திருக்கிறது. அம்மம்மாவைக் கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் பாயில் சுற்றித்தான் தாட்டோம், உனக்கும் நினைவிருக்கும். அதனால் அந்தத் தச்சர்களை நான் சும்மா ஆட்களாக நினைக்கவில்லை.

எங்கட ஆக்கள் என்றால் அதை இடித்துத் தள்ளி டைல்ஸ் பதித்திருப்பார்கள். இங்கே பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலையை எடுத்துக்கொள். ஆனையிறவு உப்பில் கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் செய்த இடம், சண்டையில் அழிந்தது. அங்கே திரும்பத் தொழிற்சாலைதான் வரவேண்டும், பெடியளுக்கு வேலை வேணும். ஆனால் நிற்கிற சுவரில் ஒரு பகுதியையாவது விட்டு, மேலே கூரை போட்டால் கூத்துக்குப் போதும். புது மண்டபங்களில் மேடை ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம். சுற்றிவர சனம் இருந்து பார்க்கிற வட்டக்களரிக்கு அது சரிவராது. பாரிஸில் நீங்கள் ஆடிய நிலத்தில் மேடையே இல்லை, போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். முள்ளியவளைக் கோவலன் கூத்தை அங்கே ஆடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, அடுத்த முறை போனால் எனக்கு இரண்டு படம் எடுத்து அனுப்பு. தூணின் அடி நிலத்தோடு சேருகிற இடம் ஒன்று, கூரைத் தண்ணீர் இறங்கும் பீலி ஒன்று. ஆட்களை நிறுத்தி எடுக்காதே, தூண் மறைந்துவிடும்.

அன்புடன்,
அப்பா