பழைய ரெக்கார்டு பிளேயரைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா? நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பாளையங்கோட்டையிலிருந்து வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. பழைய மிஷினோடு நம் கடைக்குப் போனால், அதைக் குப்பை என்று சொல்லிவிட்டுப் புதியதைத் தலையில் கட்டிவிடுவார்களாம். எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். அப்பா கோயில் கொடைகளுக்கு ரேடியோ செட் போட்ட காலத்திலிருந்து நம்மைத் தெரிந்தவர்கள் நீங்கள். அதனால்தான் விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு இதிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு அண்ணாச்சிக்கு அமெரிக்காவிலிருந்து உறவினர், மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும் பிளேயர் ஒன்றை அனுப்பியிருந்தார். நல்ல மிஷின், மரப்பெட்டியெல்லாம் பளபளவென்று இருந்தது. அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்றால் கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. ட்ரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. அந்த வகை மோட்டாரோ ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். ஆக நிமிடத்துக்கு 33 1/3 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28-ஐக்கூடத் தொடாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். அண்ணாச்சி புது பெல்ட் போடச் சொன்னார், போட்டேன். அதே இழுவைதான். பெல்ட்டில் கோளாறு இருந்தால்தானே?

மோட்டார் தலையில் இருக்கும் புல்லியைக் கொஞ்சம் பெரியதாக மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்கவில்லை. லேத்தில் கடையலாம்தான். ஆனால் மயிரிழை கோணினாலும் பாட்டு அலையும், வீணை கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வேகத்தை ஒழுங்காக்கும் தனி சப்ளை பெட்டி உண்டு. அதன் விலையோடு கொஞ்சம் சேர்த்தால் புது பிளேயரே வந்துவிடும் என்றேன். சொன்னது அவ்வளவுதான். குப்பை என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. அந்த மிஷின் நம் ஊர் கரண்டுக்குப் பிறந்ததில்லை, அதன் மேல் என்ன குற்றம்?

பழையதைத் தள்ளிவிடுகிற கடை இது இல்லை. துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற பிளேயரைக் கொண்டுவந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1972-ல் வந்த மாடல். 2010-ல் தயாரிப்பை நிறுத்தியவர்களே 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும், பெல்ட் கிடையாது, ஹெர்ட்ஸ் தொல்லையும் இல்லை. அதை விற்க வந்தவர்களை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பெல்ட், முள், ரப்பர் சக்கரம் எல்லாம் தேய்கிற சாமான். நம் வெயிலுக்கு ரப்பர் சீக்கிரமே இறுகிக் கடகடக்கும். அதற்காக மிஷினை மாற்ற வேண்டியதில்லை. நடுத்தண்டின் பேரிங், மோட்டார், முள்ளைத் தாங்கும் கையான ஆர்ம் மூன்றும் நன்றாக இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். காசை, முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜிலும் முள்ளிலும் போடுங்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஆர்மைத் தொட்டால் கடகடவென்று ஆடுகிறதா, அப்போது யோசியுங்கள்.

சூட்கேஸ் மாதிரிப் பெட்டி பிளேயர் வேறு கதை. அதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும், ஏறத்தாழ ஐந்து கிராம் எடையில் ரெக்கார்டை அழுத்தும். காந்த கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் போதும். ஆனால் அதை இந்தப் பெட்டியில் மாட்ட முடியாது. ஆர்ம் அதற்கு ஏற்றதில்லை, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒத்துவராது. தாத்தாவின் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நல்ல எல்.பி.யை அதில் போடாதீர்கள். இப்போது கலர் கலராகப் புதிதாக வரும் மலிவு சூட்கேஸ்களிலும் பெரும்பாலும் இதே கார்ட்ரிட்ஜ்தான். விற்றால் லாபம் உண்டு, இருந்தும் கடையில் வைக்கவில்லை. புதிது வாங்குவதானால் ஆர்மின் பின்னால் எடைக்குண்டு இருக்கிறதா, கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், நம்மிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

அந்தப் பேச்சு வந்த பிறகும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் பஸ்ஸில் மடியில் வைத்துப் பிளேயரைக் கொண்டுவருகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்ல! உங்களை நம்பித்தான் கடை திறந்திருக்கிறது. மோட்டார் வேலை பார்த்த தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டதால் வீட்டுக்கு வந்து பார்ப்பது இப்போதைக்கு இல்லை, பார்த்துச் சொல்ல 300 ரூபாய் ஆகும், வேலை கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவேன்.

அப்புறம், கொண்டுவரும்போது ஆர்மை நூலால் கட்டிவிடுங்கள். தட்டைக் கழற்ற முடிந்தால் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரெக்கார்டு போடுகிறவர்கள் அதையும் ஒன்று எடுத்து வாருங்கள், அதற்கு முள் வேறு, தடிமனானது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரன்