குடாநாட்டுக் கிணறுகளும் நிலைபேறான அபிவிருத்தியும்

ஆசிரியர் அவர்கட்கு,

வருங்காலத் தலைமுறையினர் தமது தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலுக்குக் குந்தகம் விளைவிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நிலைபேறான அபிவிருத்தி என்று 1987இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த புருண்ட்லாண்ட் ஆணைக்குழு வகுத்த அடிப்படை, எமது யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளைப் பொறுத்தவரை இன்னும் உணரப்படவில்லை என்றே கருதுகிறேன்.

வற்றாத ஆறு எதுவுமில்லாத இக்குடாநாட்டில், மாரி மழையே சுண்ணாம்புக் கற்பாறைக்குள் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை (லென்ஸ்) வடிவான நன்னீர்ப் படையாக மிதக்கிறது. மழை ஊட்டும் அளவைவிட அதிகமாக இறைத்தால் உவர்நீர் மேலெழும். உவராகிய கிணறு எளிதில் மீளாது. வெங்காயத் தோட்டங்களுக்கு அளவுமீறி இடப்படும் யூரியாவும், கிணற்றுக்கு அருகே வெட்டப்படும் மலசலகூடக் குழிகளும் அதே நீரில் நைத்திரேற்று என்னும் நைதரசன் சேர்வையைச் சேர்க்கின்றன. அது கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனையே குறைக்கக்கூடியது. பொருளாதாரம், சமூகம், சூழல் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே பிரதேச சபைகள், குளங்களையும் கேணிகளையும் தூர்வாருவதுடன், வெள்ளவாய்க்கால்களை மறித்துக் கட்டடம் எழுப்புவதையும் உறுதியாகத் தடுக்க வேண்டும். புதிய வீடுகளுக்கு அனுமதி வழங்கும்போதே மழைநீரை நிலத்துள் இறக்கும் குழியையும் கட்டாயமாக்குவது நன்று. கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதித்து, நைத்திரேற்றின் அளவை ஊர்தோறும் அறிவிப்பது எல்லாவற்றிலும் அவசரமானது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.