சுண்டு தந்த அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

யாழ்ப்பாணத்திலும் வெளியிலும் இருக்கும் அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் யாழ்ப்பாணக் கடைச் சாப்பாடுகளின் செய்முறைப் புத்தகம் வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் முதற்கட்டைப் பிரித்து, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழின் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். தாள் காய்ந்திருந்தது. அதற்குமேல் ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

கார்த்திகை மழையில் அச்சடித்த தாளும் அளவு எழுதிய கொப்பிகளும் அழிந்துபோனது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப எழுத மனமில்லை. அச்சடித்த தாள் போனதைவிட அளவுக் கொப்பிகள் போனதுதான் எங்களை முறித்தது என்பதை மட்டும் சொல்லவேண்டும். தாளைத் திரும்ப வாங்கலாம். அந்தக் கொப்பிகளில் இருந்தவை எட்டு மாதம் கடைகடையாக நின்று, அள்ளுகிற கையை மறித்து, தராசில் வைத்து எழுதிய கணக்குகள். 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. எழுதி வைத்தது ஓர் இரவில் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தோம்.

மூன்றாம் நாள் விடிய, திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் புட்டும் இடியப்பமும் அவித்து விற்கிற அம்மா எங்கள் படலையில் வந்து நின்றார். கையில் பேப்பர் சுற்றிய பொட்டலம். சாப்பாடாக்கும் என்று வாங்கிப் பிரித்தேன். உள்ளே அவருடைய சுண்டு.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சுண்டு என்பது எங்கள் வீடுகளில் அரிசியும் மாவும் அளக்கிற பேணி. அநேகமாக வெறும் ரின்பால் பேணிதான். அம்மாவுடையதில் பெருவிரல் படுகிற இடம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அடியில் ஒரு நெளிவு. 1995 யுத்த இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போகும்போது சைக்கிளில் கட்டின சாக்கு அவிழ்ந்து விழுந்து நெளிந்ததாம். போன இடத்திலும் அதாலேயே அளந்து, திரும்பி வரும்போதும் கொண்டு வந்திருக்கிறார்.

“கொப்பி போனால் என்ன பிள்ளை, அளக்கிற சாமான் கிடக்குதுதானே. வைச்சு அளந்து எழுதிப்போட்டுப் பிறகு தாங்கோ.”

“அதுவரைக்கும் கடைக்கு என்னம்மா செய்வியள்?”

“கை இருக்குது.”

ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பதினொரு நாள் அந்தப் பேணி எங்கள் மேசையில் இருந்தது. அவ்வளவு நாளும் அவர் வேறு பேணியைத் தொடவில்லை என்பதை மகள் பிறகுதான் சொன்னார். அளவு பிசகிவிடும் என்று வேறு யாரையும் மாக் குழைக்க விடாமல், கைநிதானத்திலேயே எல்லாவற்றையும் தானே குழைத்திருக்கிறார். இரவில் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாராம். எங்களிடம் வாயே திறக்கவில்லை.

வறுத்த அரிசிமாவை அரித்து, தளர அள்ளித் தலைதட்டினால் ஒரு நிறை. அதே மாவை அமத்தி அள்ளினால் எங்கள் தராசில் ஏறத்தாழ 40 கிராம் கூட. அதே கொதிதண்ணியை விட்டால் ஒன்று களியாகக் கட்டிப்படும், மற்றது குழையாமல் வெறும் மாவாக நிற்கும். “ஒரு சுண்டு மா” என்று மட்டும் எழுதியிருந்தால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ புட்டு அவிக்கிற பிள்ளை தன் கையில்தான் பிழை என்று நினைத்திருக்கும். இப்போது ஒவ்வொரு குறிப்பிலும் சுண்டும் இருக்கிறது, கிராமும் இருக்கிறது.

அந்த அம்மா சுண்டு தந்த கதை சந்தையில் பரவியது. அடுத்த கிழமைக்குள் எங்கள் மேசையில் ஏழு பேணிகள், ஒவ்வொன்றிலும் கடைப்பெயர் எழுதி ஒட்டிய துண்டு. தூள் வறுக்கிற அக்கா மல்லி அளக்கிற சிரட்டையையும் சேர்த்துத் தந்தார். குருநகர்க் கூழ்க்கார அண்ணை நேரில் வந்து திரும்பச் சொன்னார். ஒடியல் மாவை ஊறவிட்டு, தெளிந்த தண்ணியை வடித்துவிட்டுத்தான் கூழில் கரைக்கவேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். பழைய கொப்பியில் அந்த வரியே இல்லை. மழை வந்திருக்காவிட்டால் அது இல்லாமலே அச்சேறியிருக்கும்.

இன்னும் எத்தனையோ பேர். கூலி வாங்காமல் இரண்டு இரவு மெஷினோடு நின்ற அச்சகத் தம்பிமார், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாள் விற்கிற விலையிலும் கடனுக்குத் தந்த கடைக்காரர், தொழில் இரகசியம் என்று மறைக்காமல் சொன்ன ஓடக்கரைத் தோசைக்கடை அம்மாமார், தட்டைவடைப் பதத்தை மூன்று தரம் தட்டிக் காட்டிய பருத்தித்துறை அக்கா, படம் எடுத்த பல்கலைக்கழகப் பிள்ளைகள், புத்தகத்தைக் காணாமலே முற்பணம் அனுப்பிய உறவுகள். கொத்துரொட்டியும் ரோல்ஸும் எங்கள் சாப்பாடா என்று சண்டை பிடித்துப்போட்டு, பிறகு வந்து தக்காளி வெட்டித் தந்தவர்களுக்கும் நன்றி. அவை எங்கள் சாப்பாடுதான், புத்தகத்தில் இருக்கின்றன.

அச்சுச் செலவு போக வருகிற ஒவ்வொரு ரூபாயும் சொன்னபடியே முதியோர் இல்லத்துக்கும் சிறுவர் இல்லத்துக்கும் சரிபாதியாகப் போகும். கணக்கை மாதாமாதம் எல்லாரும் பார்க்க வைப்போம்.

அந்த அம்மா தன் பெயரும் படமும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கடைசிப் பக்கத்தில் அவருடைய சுண்டை, அடி நெளிவோடு, உண்மையான அளவிலேயே வரைந்திருக்கிறோம். இனி எத்தனை பதிப்பு வந்தாலும், நான் இருக்கும்வரை அந்தப் பக்கம் இந்தப் புத்தகத்தில் இருக்கும்.

கடன் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மம்மா சொல்லுவா. சுண்டு நிறையச் சீனியோடு போனோம். பின்னேர வியாபாரம் தொடங்கியிருந்தது. அம்மா சீனியை ஒரு பேப்பரில் கொட்டி மடித்து வைத்தார். பேணியைச் சீலைத் தலைப்பால் இரண்டு தரம் துடைத்தார். மாவுக்குள் விட்டு அள்ளி, தலையைத் தட்டிவிட்டார்.

“விலத்தி நில்லுங்கோ பிள்ளை, சனம் நிக்குது.”

நன்றியுடன்,
புத்தகக் குழுவின் சார்பில்