வேடியப்பன் காட்டிலிருந்து ஏழு கொட்டைகள்

சத்துவாச்சாரி, வேலூர்
ஆனி 5

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கார்த்திகையில் வந்தது. இப்போது ஆனி. உனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதும், நீ கோலில்லாமல் நடக்கத் தொடங்கியதும் உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். பெரிய தப்பு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாதிக் கடிதத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபத்தில் மிச்சத்தைப் படிக்க மாட்டாய்.

இங்கே எல்லோரும் நலம். மருமகளுக்குக் காட்பாடியிலேயே மாற்றல் கிடைத்துவிட்டது. கத்திரி முடிந்து மூன்று வாரமாகியும் வெயில் குறையவில்லை. மஞ்சள் குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை. நீயோ உறையின் மேல் இன்னும் வட ஆர்க்காடு மாவட்டம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறாய். அதை 1989-லேயே பிரித்துவிட்டார்கள். மிச்சமிருந்த வேலூரையும் 2019-ல் மூன்றாக்கிவிட்டார்கள். நாகபுரிக்குப் போனவளுக்குச் செய்தித்தாள்கூடவா கிடைக்காது? பின்கோடு ஒன்று இருப்பதால் உன் கடிதம் வந்து சேர்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி மகள் தாவரவியல் படிக்கிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவள்தான் நம் ஊர்ச் சாமி வேடியப்பனின் கோயில் காட்டைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலைப் போளூர் பஸ்ஸில் ஏறினோம். கண்ணமங்கலம் தாண்டியதும் வலப்பக்கம் ஜவ்வாது மலை நீலமாகத் தெரிந்தது. உடனே உன் அம்மா நினைவுக்கு வந்துவிட்டார். மலை இப்படித் துலக்கமாகத் தெரிந்தால் மாலையில் மழை என்பாரே! அன்றைக்கு மழை வரவில்லை. சந்தவாசலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஏரிக்கரை வரைக்கும் இப்போது தார்ச் சாலை.

தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியேதான் இருக்கிறது. சுற்றிலும் கரும்பும் வாழையும், நடுவில் கரும்பச்சையாக ஒரு குவியல். இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சின்ன வயதில் அதற்குள் நுழைந்தால் மறுபக்கம் மலைவரைக்கும் போகும் என்று நினைத்திருந்தோம். இப்போது மூச்சு வாங்காமல் சுற்றி வந்துவிடலாம். ஆனாலும் உள்ளே போனதும் சின்னது என்ற எண்ணமே வரவில்லை. செருப்பை எல்லைக் கல்லருகே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு இலைச்சருகின் மேல் நடந்தோம். அந்த வெயிலிலும் சருகுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைப் புரட்டிக்கொண்டே எங்களுக்கு முன்னால் போயிற்று. நாம் ஊஞ்சலாடிய கொடி இன்னும் இருக்கிறது, தெரியுமா? தொடைப் பருமனாகிவிட்டது. அதை ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆடவில்லை, பூசாரியும் அந்தப் பக்கம் இல்லை.

உலக்கைப்பாலை பழுத்துக் கொட்டிக் கிடந்தது. பொறுக்கித் தின்றோம். உதட்டில் பால் ஒட்டி, பேச முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். நம் தோட்டத்துச் சப்போட்டாவுக்கு இந்தப் பாலைதான் உறவுக்காரன் என்றாள் தம்பி மகள். சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவதற்குப் பாலைக் கன்றின் வேர்த்தண்டைத்தான் நாற்றங்கால்களில் எடுத்துக்கொள்கிறார்களாம். இத்தனை வருடம் சப்போட்டா தின்றிருக்கிறேன், யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாலை மிக மெதுவாக வளரும் மரம். நாம் பள்ளிக்கூடம் போகும்போது எந்தக் கிளையில் புத்தகப்பையை மாட்டினோமோ, அந்தக் கிளை இப்போதும் என் தோள் உயரத்தில்தான், ஏறக்குறைய அதே பருமனில் இருக்கிறது.

அவள் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள்: வீரை, உசிலை, வெப்பாலை, காசான், காட்டு எலுமிச்சை, காரை, களா, சூரை. பாதிப் பேர் உன் அம்மா வாயால் கேட்டவை. மழைநிழல் பகுதியில், வருடத்தில் ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கும் மண்ணில், பெரும்பாலும் இலை உதிர்க்காமல் பசுமையாக நிற்கும் இந்தக் கூட்டத்துக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பாடப்புத்தகத்தில் பேராம். சமவெளியில் இது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது என்றாள். அரிவாள் படக்கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, பொங்கலுக்கு மட்டும் எரிக்கலாம் என்று நம் ஊரில் வைத்திருந்த கட்டு எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாமிக்கு என்று பயந்தோம். அந்தப் பயத்தால்தான் இத்தனை மரமும் இன்றைக்கு நிற்கிறது.

வேடியப்பன் கற்கள் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் உள்ள கல்லில் வில்லோடு நிற்கும் வீரனின் முகம் மட்டும் எண்ணெயும் மஞ்சளும் பட்டு மழுங்கிவிட்டது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் போல இவனும் மாட்டுக் கூட்டத்தை மீட்கப் போய் இறந்தவனாக இருக்கலாம். அவனுக்குப் பின்னால்தான் தேற்றா மரம். உனக்கு நினைவிருக்கும். புதுத் தண்ணீர் வரும் மாதங்களில் ஏரித் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வருமே, உன் அம்மா தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்பக்கம் வட்டமாகத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பாரே! விடிந்து பார்த்தால் கலங்கல் அடியில் படிந்து மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். விதையில் உள்ள புரதமும் மாவுப்பொருளும் மண் துகள்களை ஒன்றோடொன்று கட்டிக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடுகின்றனவாம். எட்டிக்கு இது சொந்தத் தம்பி, ஆனால் அந்த விஷம் இதில் இல்லை. நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டை பிளந்து பிளந்து, உன் அம்மாவின் குதிகால் மாதிரி இருந்தது.

அங்கிருந்து கிழக்குப் பக்கம் வந்தோம். எழுதாமல் இருந்ததற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

கிழக்குப் பக்கம் கால் ஏக்கர் போல வெட்டவெளி. அதில் கால் வைத்ததும் பாதம் சுட்டது. ஒரு காலை நிழலிலும் ஒரு காலை வெயிலிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மண் என்று நம்ப முடியவில்லை. அந்த இடத்தில்தான் நீயும் நானும் தீப்பெட்டியில் பொன்வண்டு பிடித்தோம். இப்போது உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் முளைத்திருக்கின்றன. ஓரத்தில் தனியாக விடப்பட்ட வீரை மரத்தின் தலை காய்ந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் திருப்பணி என்று வந்து கேட்டார்கள். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரசீதை வாங்கிப் பூஜை அறையில் வைத்துக்கொண்டேன். போன கார்த்திகையில், உன் கடிதம் வந்த அதே வாரம், ஒரு சாவுக்கு ஊருக்குப் போனபோதுதான் அந்தப் பணம் ஜேசிபிக்கு வாடகையாகப் போனது தெரிந்தது. அன்று காட்டின் விளிம்பில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன், உள்ளே போக மனம் வரவில்லை. உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்வது என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன். உன் அம்மா சேலை முந்தானையில் கொட்டை பொறுக்கிய காட்டுக்கு நான் பணம் கொடுத்து அழிவு தேடியிருக்கிறேன். இப்போது சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டு.

ஆனால் திட்டி முடித்ததும் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. மிச்சக் காட்டையும் சுத்தம் செய்யப் போகிறார்கள். சுற்றுச்சுவர், உள்ளே டைல்ஸ் தரை, கார் நிறுத்த இடம். பெரிய மரங்களை விட்டுவிடுவார்களாம், புதரை மட்டும் எடுப்பார்களாம். திருப்பணிக் குழுவில் முன்னால் நிற்பது உன் அண்ணன்.

அண்ணனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். வாசலில் கண்டதும் மோர் கொடுத்து, உன் முழங்காலைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டார். திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து வரும் பிள்ளைகள் பாம்புக்குப் பயப்படுகிறார்கள், போன வருடம் பேத்தியின் கையைச் சூரை முள் கிழித்துவிட்டது, பெண்கள் பொங்கல் வைக்க ஒரு சமதரை வேண்டும் என்றார். எல்லாம் நியாயம். சுவரில் உங்கள் அப்பா பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நான் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. நான் யார் சொல்வதற்கு? நீ சொன்னால் கேட்பார்.

என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நீ அரைகுறையாகக் கேட்டுவிட்டு அண்ணனிடம் அழுதுவிடுவாய், எனக்குத் தெரியும்.

புதர் என்று அவர்கள் சொல்வதுதான் காடு. தம்பி மகள் மண்டியிட்டு ஒரு பாய் அகல இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டினாள். விரல் உயரத்தில் பாலைக் கன்றுகள், முழ உயரத்தில் வீரை, காசான். நிழலும் சருகும் இருந்தால்தான் அவை பிழைக்கும். அடிக்காட்டைச் சுரண்டிவிட்டு மேல் மரத்தை மட்டும் வைத்தால், இருக்கிற கிழவர்கள் இருக்கும்வரைதான்; அவர்களுக்குப் பின் வாரிசு கிடையாது. களாப் புதருக்குள் ஒரு சந்தனக் கன்றும் இருக்கிறது (இதை அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லாதே). சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் பற்றி உறிஞ்சித்தான் தழைக்கும். களாவை எடுத்தால் அதையும் எடுத்த மாதிரி. அதை அங்கே விதைத்தது யார்? ஒரு சின்னான் குருவியோ குயிலோ மலையில் பழத்தைத் தின்றுவிட்டு இங்கே எச்சமிட்டிருக்கும். இந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் நூறு நாட்டுமரக் கன்றுகளை விலைக்கு வாங்கிக் குறுங்காடு வைக்கிறார்கள். நமக்கோ நட்டவரே இல்லாமல் ஒரு காடு கிடைத்திருக்கிறது.

ஜேசிபியே வேண்டாம் என்று சொல்லாதே, அண்ணன் அடியோடு மறுத்துவிடுவார். கிழக்கே ஏற்கெனவே வெட்டிய இடம் இருக்கிறது. அங்கே வந்திருக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கட்டும். பொங்கலுக்குச் சமதரை, கார் நிறுத்த இடம் எல்லாம் அங்கேயே ஆகட்டும். எல்லைக் கல்லிலிருந்து வேடியப்பன் வரைக்கும் ஓர் ஆள் அகலத்தில் பாதை போதும், சூரையைப் பாதையோரம் மட்டும் கழித்துவிடலாம். சுவர் வேண்டவே வேண்டாம். சுவர் எழுப்ப வாணம் தோண்டும்போதே வேர் அறுந்துவிடும். அப்பா பெயரைப் புது எல்லைக் கல்லில் பொறிக்கலாம். அந்தக் கல்லுக்கான செலவு முழுக்க என்னுடையது. இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்து கொடுக்கிறேன்.

உன் அப்பா ஏர்க்காலுக்கு வீரைக் கிளையை வெட்டிய மேலத்தெருக்காரரை என்ன செய்தார் என்று அண்ணனுக்கு நினைவூட்டு. அவர் சத்தம் போடவில்லை. வெட்டிய கிளையைத் தோளில் சுமந்து வந்து சாமி முன்னால் வைக்கச் சொன்னார். அதிலேயே பொங்கல் வைக்கச் செய்தார். சாம்பலை மரத்தடியில் கொட்டச் சொன்னார். நாம் இரண்டு பேரும் அந்தப் பொங்கலைத் தின்றோம், நீ இரண்டு தடவை வாங்கினாய். அண்ணனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

குழுக் கூட்டம் அடுத்த ஞாயிறு கழித்து வரும் ஞாயிறு, திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்தில். அதற்குள் பேசிவிடு. அண்ணன் ஏழு மணிச் செய்தி முடிந்த பிறகுதான் போனை எடுக்கிறார். அண்ணி எடுத்தால் இன்னும் நல்லது. அவரும் கொட்டை பொறுக்கியவர்தான்.

உறைக்குள் துணியில் முடிந்து ஏழு தேத்தாங்கொட்டை வைத்திருக்கிறேன். வேடியப்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், சருகுக்கடியில் கிடந்தவை. உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் மழைக்காலத்தில் கலங்கலாக வருகிறது என்று எழுதியிருந்தாயே. பிளாஸ்டிக் குடத்தில் தேய்க்காதே, உட்பக்கம் சொரசொரப்பான மண்பானை வாங்கு. உன் அம்மா வட்டமாகத் தேய்ப்பார், வலமிருந்து இடமாக.

முழங்காலைப் பார்த்துக்கொள். போன் பேசிய அன்றே எனக்கு எழுது.

உன் பொன்வண்டுக் கூட்டாளி