இரணைமடுவுக்கு மேல புரோமைட் வேண்டாம்: சுற்றாடல் அதிகார சபைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றாடல் அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதிகாரிகளுக்கு கிளிநொச்சியில இருந்து வணக்கம்.

நேர விசயத்துக்கு வாறன். எங்கட குடிதண்ணி வாற இரணைமடுக் குளத்துக்குத் தண்ணி கொண்டு வாற கனகராயன் ஆத்துப் பக்கம் இனி எந்த மின் நிலையத்துக்கோ ஃபக்டரிக்கோ உரிமப்பத்திரம் குடுத்தாலும் அதுல புரோமைட்டை, அதாவது நிலக்கரி மின் நிலையக் கழிவுத்தண்ணியில கரைஞ்சு வாற ஒரு உப்பை, பேர் சொல்லி எழுதுங்கோ, ஆத்துக்க விடவே கூடாது எண்டும் எழுதுங்கோ. வன்னியில இண்டைக்கு நிலக்கரி மின் நிலையம் ஒண்டும் இல்லை, எனக்கும் தெரியும். ஆனா மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் கைத்தொழில் வலயம் வரப்போகுது எண்டு 2025 பட்ஜெட்டில சொன்னவை, எங்கட பிள்ளையளுக்கு வேலை வேணும், அதை நான் எதிர்க்கேல்லை. மாங்குளம் இருக்கிறது தண்ணி வாற பக்கம், அதனாலதான் இப்பவே கேக்கிறன்.

புரோமைட் தனிய இருந்தா பெரிசா ஒண்டும் செய்யாது, குளோரின் போடேக்கதான் பிரச்சினை துவங்குது. குளோரின் அதைப் புரோமினா மாத்திவிடும், அந்தப் புரோமின் தண்ணியில ஊறிக் கிடக்கிற இலை தழை, பாசி, சாணிக் கழிவு இதுகளோட குளோரினைவிடக் கெதியாச் சேர்ந்து ட்ரைஹலோமீதேன் எண்ட சாமானை உண்டாக்கும். கன வருசம் அதைக் குடிச்சா சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆபத்துக் கூடலாம் எண்டு ஆய்வுகள் சொல்லுது. புரோமின் அணு குளோரின் அணுவைவிட ரெண்டு மடங்குக்கு மேல பாரம், ட்ரைஹலோமீதேனுக்கு வரம்போ நிறையைப் பாத்துத்தான், அமெரிக்காவில லீட்டருக்கு 80 மைக்ரோகிராம், அப்ப கொஞ்சப் புரோமைட் வந்தாலே அளவு சடாரெண்டு ஏறும். இப்ப இரணைமடுவை நினைச்சுப் பாருங்கோ, காட்டால வடிஞ்சு வாற தண்ணி, மாடு இறங்கிற தண்ணி, ஆவணி புரட்டாதியில வத்தி வெயில்ல கொதிச்சு நிக்கிற தண்ணி. பாதிச் சாமான் எங்களிட்ட ஏற்கனவே இருக்கு, மிச்சப் பாதியை நீங்கள் கொண்டுவர விடாதேங்கோ.

சுத்திகரிப்பு நிலையத்தில எடுக்கலாம்தானே எண்டு தயவுசெய்து சொல்ல வேண்டாம். படிகாரமும் மணல் வடியும் இதைப் பிடிக்காது, குழம்பில கரைஞ்ச உப்பை வடியால வடிச்செடுக்க ஏலுமே? ஆர்ஓ எண்ட சவ்வு வடி பிடிக்கும்தான், ஆனா சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து வவுனியாப் பக்கம் ஆர்ஓ தண்ணியைக் கேனில வாங்கிக் குடிக்கிற சனத்திட்டக் கேளுங்கோ அதுக்கு என்ன செலவு எண்டு.

அமெரிக்காவில நடந்தது உங்களுக்குப் பாடமா இருக்கோணும். அங்க நிலக்கரிப் புகையில வாற பாதரசத்தைப் பிடிக்க கன மின் நிலையங்கள் நிலக்கரியில புரோமைட் உப்பைக் கலந்தவை, நிலக்கரியில இயற்கையாவும் கொஞ்சம் இருக்கு, புகையைக் கழுவிற ஸ்கிரப்பர் தண்ணியோட அது எல்லாம் ஆத்துக்குப் போச்சு. காத்தைச் சுத்தமாக்கப் போய் தண்ணி கெட்டுது. வட கரோலினாவில டான் ஆத்தங்கரையில ஈடன், மடிசன் எண்டு ரெண்டு சின்ன ஊர், மேல இருந்த மின் நிலையத்துக்கு 2008ல ஸ்கிரப்பர் பூட்டினாப்பிறகு அவையின்ர குழாய்த்தண்ணியில ட்ரைஹலோமீதேன் ஏறிச்சுது. ஆத்துக்க விட்டது ஒருத்தர், தலையிடி கீழ குடிக்கிற ஊருக்கு. 2015ல வந்த மத்திய விதியும் பழைய நிலையங்களுக்குப் புரோமைட் வரம்பு போடேல்லை, 2024லதான் ஸ்கிரப்பர் கழிவுத்தண்ணியை ஆத்துக்க விடவே கூடாது எண்டு விதி கொண்டுவந்தவை. இத்தனை வருசம் பிந்தி. நாங்கள் முதல்ல இருந்தே அந்த இடத்தில நிக்கலாமே.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தால ஒண்டும் நடக்கேல்லையே எண்டு கேப்பீங்கள். அங்க புகையைக் கழுவிறது கடல்தண்ணி, திரும்பிப் போறதும் கடலுக்கு, கடல்ல லீட்டருக்கு 65 மில்லிகிராம் புரோமைட் இயற்கையாவே இருக்கு. குளத்துக்கு மேல கட்டிற நிலையத்துக்கு அந்தக் கதை பொருந்தாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில மின் நிலையக் கழிவால கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்தது, சனம் கண்ணால கண்டது, மூக்கால மணந்தது, அப்பிடி இருந்தும் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2019 ஆச்சு. புரோமைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. நீங்கள் அளக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது.

ஒண்டைத் தெளிவாச் சொல்லிறன், குளோரின் போடுறதை நிப்பாட்டச் சொல்லேல்லை. வெள்ளத்துக்குப் பிறகு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாமார் கிணறு கிணறாக் குளோரின் போட்டுத்தான் வயித்தோட்டம் பரவாமல் பாத்தவை. ஆனையிறவு உப்பில பரந்தன் ஃபக்டரி குளோரின் செய்த மண் இது, அதின்ர அருமை எங்களுக்குத் தெரியும். குளோரினைப் பயமில்லாமல் போட வேணுமெண்டா வாற தண்ணி துப்புரவா இருக்கோணும்.

வலயத்துக்கு அத்திவாரம் போட முதல் கனகராயன் ஆத்திலயும் இரணைமடுவிலயும் புரோமைட்டை அளவுங்கோ, குளம் வத்திற புரட்டாதியில ஒருக்கா, மாரி மழையில ஒருக்கா. கிளிநொச்சிக் குழாயின்ர கடைசி வீட்டுத் தண்ணியில ட்ரைஹலோமீதேனையும் பாருங்கோ. அந்த எண்களைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில தமிழில வாசிச்சு, பிரதேச சபை நோட்டீஸ் போட்டிலயும் ஒட்டிவிடுங்கோ.

இப்படிக்கு,
இரணைமடுத் தண்ணி குடிக்கிற கிளிநொச்சி ஆள் ஒருவர்