பாக்கெட்டின் முதுகை யார் பார்க்கிறார்கள்?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு,

வணக்கம். நான் மளிகைக் கடை வைத்திருப்பவன். சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம் என்பதைப் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே போடுவது பற்றி எழுதுகிறேன். என் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் தேடுவது விலையையும் தேதியையும்தான். முன்பக்கத்தில் பச்சைப் புள்ளி என்றால் சைவம் என்பது எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் தெரியும்.

போன வாரம் சுகர் உள்ள ஓர் அக்கா, கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டை எடுத்து, "இது ஒண்ணும் செய்யாதுல்ல தம்பி?" என்றார். கண்ணாடி போட்டுப் பின்பக்கம் பார்த்தேன். ஒட்டு மடிப்புக்குள் எறும்பு ஊர்வது போல எழுத்து. 100 கிராமுக்குச் சர்க்கரை 15 கிராமுக்கு மேல். சொன்னதும் அதை வைத்துவிட்டுப் பொட்டுக்கடலை வாங்கிப் போனார்.

சிலி நாட்டில் அந்த பிஸ்கட்டின் முன்பக்கத்திலேயே 'சர்க்கரை அதிகம்' என்று கறுப்பு எண்கோண முத்திரை இருந்திருக்கும். 2016-இல் அமலுக்கு வந்த சட்டம் அது. 2019 முதல் திடப் பொருளுக்கு வரம்பு 100 கிராமுக்கு 10 கிராம் சர்க்கரை. சட்டம் அமலுக்கு வந்த ஒன்றரை வருடத்துக்குள் முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்குவது கிட்டத்தட்ட 24 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் அங்கே கூடவே தடை வந்ததால், எல்லாப் புகழையும் முத்திரைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் முத்திரைக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்தன பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முன்பக்க லேபிளுக்காக நீங்கள் 2022-இல் வைத்த வரைவு விதியோ, முத்திரைக்குப் பதில் பாக்கெட்டுக்கு ஸ்டார் கொடுக்கச் சொன்னது. ஸ்டார் என்றால் எங்கள் ஊரில் ஃபிரிட்ஜ்தான் ஞாபகம் வரும். 2 ஸ்டார் போட்டாலும் 'பரவாயில்லை, அரசாங்கமே கொடுத்திருக்கு' என்றுதான் வாங்குவார்கள். அதிலும் நார்ச்சத்து, பருப்பு சேர்த்தால் மதிப்பெண் கூடுமாம். சர்க்கரையைக் கொட்டியவனுக்கு இப்படி ஒரு சலுகையா? இந்த முன்பக்க லேபிள் விஷயத்தை முடிக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வியாபாரம் படுத்துவிடும் என்று என் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள். பொட்டுக்கடலையிலும் எனக்கு லாபம் உண்டு. ஸ்டாரை விட்டுவிட்டு, சர்க்கரை, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் கறுப்பு முத்திரை போடச் சொல்லுங்கள். முன்பக்கத்தில், பச்சைப் புள்ளியைவிடப் பெரிதாக, எங்கள் கடைக்கு வரும் பாக்கெட்டில் தமிழிலும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்