மாப்பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்தது என் தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளை பெற்றவளுக்கு என்ன சாப்பாடு, என்ன பத்தியம் என்று போன வாரம் உங்கள் பெண்கள் பகுதியில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம் எல்லாம் சரி. கடைசியில் மட்டும் 'கணவரும் ஒத்துழைக்க வேண்டும்' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நெல்லிக்குப்பம் பக்கம் பல வருஷம் சைக்கிளிலும் அப்புறம் ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போய் 'நர்ஸம்மா' என்று பெயர் வாங்கியவள். ஊருக்கெல்லாம் சொன்னதை என் வீட்டில் கோட்டை விட்டேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாப்பிள்ளைக்குப் புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. குழந்தை பிறந்ததற்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள், அதுவும் அவருடைய சொந்த லீவில் கழித்துக்கொண்டு. அதற்கப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அவர் வந்து போனது ஏதோ வெளிநாட்டில் இருந்து வருகிற மாதிரிதான். ஹாலில் நாற்காலி, சில்வர் டம்ளரில் காப்பி, டிவி. குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மை தீட்டிக் கொண்டுவந்து காட்டுவேன். ஐந்து நிமிஷத்தில் அது சிணுங்கினால் 'குடுங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் பழக்கமில்ல' என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அதை மரியாதை என்று நினைத்தேன். அந்த நாலு மாசத்தில் மகளும் அவரும் தனியாகப் பேசியது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறுமா என்று தெரியவில்லை. மகளும் குழந்தையும் இருந்த அறையில் நான் படுத்தேன், அவருக்கு ஹாலில் பாய்.

ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்து மகளையும் குழந்தையையும் புதுச்சேரியில் கொண்டுபோய் விட்டோம். ஒரு வாரம் ஆகவில்லை, ராத்திரி பதினொரு மணிக்குப் போன். 'அம்மா, இவருக்கு ஒண்ணுமே தெரியல. ஈரத்துணி மாத்தக்கூடத் தெரியல. நான் ஒரு ஆளா எத்தனை பண்றது?' பின்னால் குழந்தை அலறுகிறது, அவர் ஏதோ கத்துகிறார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் நின்றேன். அவரைத் திட்டத்தான் போனேன், மறைக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார், 'நீங்க எப்ப அத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?'

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்காது. அந்த உடம்பு நோவும் தூக்கக் கேடும் ஒருத்தி மேலேயே விழுந்தால் அவளுக்குப் புருஷன் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அவனுக்கோ, வீட்டில் தனக்கு இனி இடமில்லை என்று தோன்றும். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. கை பழக வேண்டிய நேரத்தில் ஒருவரைப் பழக விடவில்லை, அதுதான் விஷயம்.

இதில் பெரிய ஆபத்து இன்னொன்று. பிரசவம் ஆன மூன்றாம் நாள் நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும், அது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமில்லாமை, பிள்ளை மேலேயே வெறுப்பு என்று இருந்தால் அது மனச்சோர்வு. 'பச்சை உடம்புக்காரி அழக்கூடாது, பால் கெட்டுப்போகும்' என்று அதட்டினால் சரியாகாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். 14416 என்று அரசாங்க மனநல எண் இருக்கிறது, 24 மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. இந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவன் அவளைத் தெரிந்த புருஷன். அவனைத்தான் ஹாலில் உட்கார வைத்திருக்கிறோமே!

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயசான பொம்பளை எழுதுகிற பேச்சா இது என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டிவிட்டு, உடம்பும் மனசும் ஒத்துவந்தால் சேர்ந்திருக்கலாம். அவளுக்கு இன்னும் வலி, பயம் என்றால் அவன் காத்திருக்க வேண்டும். 'பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது' என்பதை நம்பி வந்து மாட்டியவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு திரும்புவதற்கு முன்னாலேயே கரு தங்கலாம். கருத்தடைக்குக் காப்பர் டி, நிரோத் ஆணுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். அடுத்தது உடனே தங்கிவிடுமோ என்ற பயத்திலேயே புருஷனைப் பக்கத்தில் விடாத பெண்கள் நிறைய. அவன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வான், இவள் வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

நான் அங்கே பத்து நாள் இருந்தேன். குழந்தையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு. மாப்பிள்ளையைக் காலை நீட்டி உட்காரச் சொல்லி, முழங்காலுக்கு மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்று வாயால் மட்டும் சொன்னேன். (மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவதெல்லாம் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.) முதல் நாள் மனிதருக்குக் கை நடுங்கியது. நாலாம் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு குளிப்பாட்டுகிறார். மகள்தான் பக்கத்தில் நின்று 'அப்படி இல்ல, இப்படி' என்று பிடுங்கப் பார்த்தாள், அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனேன். ராத்திரி பால் கொடுப்பது மட்டும் அவள், தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது அவர்.

அந்தச் சனிக்கிழமை குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேரையும் பைக்கில் விரட்டிவிட்டேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், காலாற நடக்கலாம், சுண்டல் வாங்கித் தின்னலாம். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் போதும் என்றேன். நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள், குழந்தை ஞாபகமாம். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

இதெல்லாம் வீட்டுக்குள் செய்துகொள்வது. லீவு விஷயத்துக்கு என்ன செய்வது? மகப்பேறு சட்டத்தை 2017இல் திருத்தி முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம் ஆக்கினார்கள், நல்லது. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம், ரொம்ப நல்லது. மத்திய அரசு வேலையில் இருக்கும் ஆணுக்கு 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற அப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. எங்கள் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயில் மலைமேல் முகூர்த்த நாளில் வரிசையாகத் தாலி கட்டிக்கொண்டு இறங்குகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மாதிரி வேலையில்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் அந்த 15 நாளைக் கொடுங்கள் என்று உங்கள் பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதக் கூடாதா?

தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவந்திருக்கும் அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. தாய்வீட்டு வழக்கத்தை விடச் சொல்லவில்லை, அந்த ஓய்வு அவளுக்கு வேண்டும். மாப்பிள்ளை வருகிற ராத்திரி நீங்கள் ஹாலில் படுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போட வேண்டாம், மகள் படித்தால் என்னைத் திட்டுவாள். மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன், கடிதத்தைப் போடலாம் என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.